தொலைபேசிக் கணிப்பும் மூச்சுவிடாத குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசி வழியே நடத்தப்படும் கருத்துக்கணிப்புகளுக்கு நீலகிரி மக்கள் ஒத்துழைப்பதில்லை என்றும், அழைத்தவர் பேசி முடிப்பதற்குள்ளேயே இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள் என்றும், பொதுக் காரியங்களில் மலைவாசிகளுக்கு அக்கறை குறைந்துவிட்டதையே இது காட்டுகிறது என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். துண்டிக்கிறோம் என்பது உண்மை. நானே துண்டித்திருக்கிறேன். அதற்குக் காரணம் அக்கறையின்மை என்று அவர் முடிவு கட்டியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தபால் தந்தித் துறை என்று அது அழைக்கப்பட்ட நாளில், 1978ஆம் ஆண்டு ஆபரேட்டராகச் சேர்ந்து, இந்த மலையிலேயே பல ஆண்டுகள், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துத் தரும் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள் நான். முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் எப்போது பேச இசைகிறார், எப்போது வைத்துவிடுகிறார் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நான் துண்டித்த கதை. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. இளைஞர் ஒருவரின் குரல். நிறுவனத்தின் பெயர், ஆய்வின் நோக்கம், என் எண் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது, உரையாடல் பதிவாகிறது என்ற அறிவிப்பு, விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும் என்ற உறுதி, என் பொன்னான நேரத்துக்கு முன்கூட்டிய நன்றி ஆகிய அனைத்தும் ஒரே மூச்சில் வந்தன. டிரங்க் அழைப்பின் கட்டணக் கணக்குக்காக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பழகிய கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. 40 விநாடிகள் ஆகியும் அவர் எங்கும் நிறுத்தவில்லை. நான் ஒரு வார்த்தையும் பேசாமலே வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து அதே ஆய்வுக்காக ஒரு பெண் அழைத்தார். "வணக்கமுங்கம்மா. கோயமுத்தூர்ல இருந்து பேசறேனுங்க. வந்து... உங்க ஊர்ல குடிதண்ணி எப்படி வருதுன்னு கேக்கணும். இப்பப் பேசலாங்களா, இல்ல அடுப்புல ஏதாச்சும் இருக்குதுங்களா?" அன்றும் அடுப்பில் ஏதோ இருந்தது. அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, 18 நிமிடங்கள் பதில் சொன்னேன். ஆய்வு அதே ஆய்வு. என் அக்கறையும் நான்கு நாளில் கூடவோ குறையவோ இல்லை. அழைத்தவரின் குரல் மட்டும் மாறியிருந்தது.

டிரங்க் போர்டில் எங்கள் பிழைப்பே முகம் தெரியாதவரை வைத்துவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான். ஒருவர் குறிப்பிட்ட ஆளுக்கு என்று பி.பி. கால் புக் செய்திருப்பார். சென்னையிலோ மதுரையிலோ போனை எடுப்பவர் கடைப் பையனாகவோ பக்கத்து வீட்டாராகவோ இருப்பார். அவரைச் சலித்துக்கொள்ளாமல் எழுந்து போய் உரியவரை அழைத்து வரச் செய்யவேண்டும். சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலக் கடகடவென்று சொல்லுவேன். பாதிப் பேர் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த அக்கா ஒருநாள் போர்டின் இணைப்புக் கம்பியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "ஊர்ப் பேரைச் சொல்லிட்டு நிறுத்து. அவங்க 'ம்'னு சொல்ல இடம் விடு. 'ம்' சொல்லிட்டா அப்புறம் வைக்க மாட்டாங்க." நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டச் சொல்வதன் சூட்சுமமும் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

குரலும் கணிப்பும் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளை, கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் என் மகள் மூலம் பிற்பாடு அறிந்துகொண்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோயிஸ் ஓக்சன்பர்க், லெரிட்டா கோல்மன், சார்லஸ் கானெல் ஆகிய மூவர் 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் மறுக்கப்படும் கேள்வியாளர்களின் குரலையும் குறைவாக மறுக்கப்படுவோரின் குரலையும் பதிவிலிருந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பிடச் செய்தபோது, குறைவாக மறுக்கப்பட்டவர்கள் சற்று உயர்ந்த சுருதியிலும், நல்ல ஏற்ற இறக்கத்தோடும், உரக்கவும், கொஞ்சம் வேகமாகவும், தெளிவான உச்சரிப்போடும் பேசியதாகக் கேட்டவர்கள் கருதினார்கள். விஷயம் தெரிந்தவர், வேலையில் விருப்பமுள்ளவர் என்ற எண்ணத்தையும் அந்தக் குரல்கள் உண்டாக்கின. நம் ஊர் கால் சென்டர்களில் இன்றைக்கும் "சிரிச்சிக்கிட்டே பேசு, உற்சாகமா பேசு, இழுக்காதே" என்று டெலிகாலர்களுக்குப் பாடம் நடத்துகிறார்களே, அது ஏறத்தாழ இந்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரத்தோடு ஒத்துப்போகிறது.

ஆனால் அதே பல்கலைக்கழகம் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வேறொன்றைக் கண்டுபிடித்தது. ஃபிரெடெரிக் கான்ராட், ஹோசே பென்கி முதலியோர், 100 கேள்வியாளர்கள் செய்த 1,380 அழைப்புகளின் தொடக்கப் பேச்சை எடுத்துக்கொண்டு, பேச்சின் வேகம், சுருதி, தயக்கம் ஆகியவற்றை அளந்து பார்த்தார்கள். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ மூன்றரை ஆங்கிலச் சொற்கள் என்ற மிதமான வேகத்தில் பேசியவர்களுக்கே அதிகம் பேர் இசைந்தார்கள். மிகுந்த வேகமும் உதவவில்லை, மிகுந்த நிதானமும் உதவவில்லை. தடித்த குரலுள்ள ஆண்களைவிடக் கீச்சுக் குரலுள்ள ஆண்கள் அதிகம் மறுக்கப்பட்டார்கள். பெண்களிடம் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. எல்லாவற்றிலும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த முடிவு தயக்கத்தைப் பற்றியது. ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து முறை இயல்பாக நிறுத்தியோ, 'அம்', 'அஹ்' என்று இழுத்தோ பேசியவர்கள் நன்றாகவே வென்றார்கள். ஓரிடத்திலும் நிறுத்தாமல், தடுமாறாமல், வழுவழுவென்று பேசியவர்கள்தாம் எல்லோரையும்விடக் குறைவான சம்மதம் பெற்றார்கள். மிக அதிகமாகத் தடுமாறியவர்களுக்குக்கூட இவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. பிசகே இல்லாத பேச்சு, எழுதி வைத்துப் படிக்கிற பேச்சாகக் காதுக்குப் படுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எங்கள் மூத்த அக்கா ஒரு கட்டுரையும் படிக்காமல் சொன்னது!

இந்த முடிவுகளை அப்படியே நம் மொழிக்கு எடுத்துவர முடியாது என்பதையும் சொல்லவேண்டும். விநாடிக்கு மூன்றரைச் சொல் என்ற கணக்கு தமிழில் செல்லாது. அவர்கள் மூன்று நான்கு சொற்களில் சொல்வதை நாம் 'கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரே சொல்லில் சொல்லி முடிக்கிறோம். அப்படிப்பட்ட சொற்களை விநாடிக்கு மூன்றரை வீதம் வீசினால் கேட்பவர் திணறிப்போவார். நமக்கு அசைக் கணக்கு வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், எழுதும் தமிழும் பேசும் தமிழும் நம்மிடம் வெவ்வேறாக இருப்பது. "தங்களது மேலான கருத்துகளைப் பதிவு செய்வதன் வாயிலாக எங்கள் ஆய்வு சிறக்க உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வாயால் சொல்லும் மனிதர் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய கேள்வித்தாளை யாரோ எழுத்துத் தமிழில் பெயர்க்க, அதை டெலிகாலர் எழுத்து மாறாமல் படிக்க, கேட்பவருக்கு இது ரெயில் நிலைய அறிவிப்பா, வங்கியின் பதிவுக் குரலா, ஆள்தானா என்று தெரிவதற்கே பத்து விநாடி பிடிக்கிறது. இந்தக் கடிதத்தை நான் எழுத்துத் தமிழில்தான் எழுதுகிறேன், கண்ணால் படிப்பதற்கு இது பொருந்தும்; இதே நடையில் போனில் பேசினால் என் உடன்பிறந்த தங்கையே வைத்துவிடுவாள். நம் மொழியில் 'வந்து', 'அதாவது', 'இந்த', 'என்னன்னா' என்று பேச்சுக்கு நடுவே விழும் சொற்களைக் குற்றமாகக் கருதிப் பயிற்சியில் களையெடுக்கிறார்கள். மறுமுனையில் யோசித்துப் பேசுகிற ஒரு மனிதர் இருக்கிறார் என்று காதுக்குச் சொல்வது அந்தச் சொற்கள்தாம்.

இதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் பின்வீட்டுப் பெண் பட்டம் முடித்துவிட்டு, சமவெளியில் உள்ள ஒரு சர்வே நிறுவனத்துக்காகக் கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே அழைப்புகள் செய்துவந்தாள். அவள் வீட்டில் சிக்னல் நிற்பது தெற்கு ஜன்னல் ஓரத்தில் மட்டும். மழை வலுத்தால் அங்கும் நிற்காது என்பதால், எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசுவாள். நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு எதிரே இருப்பேன். திரையில் மேலே அவள் படிக்கவேண்டிய வாசகம், கீழே 'எடுக்கவில்லை', 'பிறகு அழைக்க', 'மறுப்பு' என்று வரிசையாகப் பொத்தான்கள். ஒரு மாலை அவள் 14 அழைப்புகள் செய்ததை எண்ணினேன். முதல் 11 அழைப்புகளில் எடுத்தவர் யாரும் முதல் பத்தியைத் தாண்டவிடவில்லை. 'மறுப்பு', 'மறுப்பு' என்று அவள் விரல் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது அழைப்பில், வாசகத்தின் நடுவே, அவளுக்குப் பெரிதாக ஒரு தும்மல் வந்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா" என்று பதறியவளின் முகம் அடுத்த கணமே மலர்ந்தது. "ஆமாங்கம்மா, இங்கயும் மழைதான்... கோத்தகிரிங்க... இல்லங்க, கசாயம் எல்லாம் குடிச்சாச்சு" என்று சிரித்தாள். பிறகு 27 கேள்விகளையும் கேட்டு முடித்தாள். "மழையில நனைஞ்சியா கண்ணு, எந்த ஊரு நீ" என்று அந்த அம்மாள் கேட்டாராம். அன்று முழுமையாக முடிந்த நேர்காணல் அது ஒன்றுதான். மறுவாரம் பதிவைக் கேட்ட மேற்பார்வையாளர், வாசகத்திலிருந்து விலகிச் சொந்தப் பேச்சுப் பேசியதற்காக அந்த அழைப்புக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாராம்.

மதிப்பெண் குறைந்ததைவிட அதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு வருத்தம் தந்தது. அடுத்த சில நாள்கள் அந்தப் பெண் மறுப்பை எதிர்பார்த்தே பேசத் தொடங்கினாள். 'எப்படியும் வைக்கத்தான் போகிறார்கள்' என்ற நினைப்பு முதல் வணக்கத்திலேயே தெரிந்தது. குரல் வாக்கியத்தின் முடிவில் தொய்ந்து விழுந்தது. தங்கள் வேலை கடினமாக இருக்காது என்று நம்பிப் பேசும் கேள்வியாளர்களுக்கு அதிகச் சம்மதம் கிடைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் எலினார் சிங்கரும் அவருடைய சகாக்களும் 1983இலேயே எழுதியிருக்கிறார்கள். மறுப்புக்காக மாதச் சம்பளத்தில் கைவைக்கும் நிறுவனம் தன் டெலிகாலரின் குரலைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

இனி, எங்கள் மலையின் நிலைமை. 'தெளிவான, பொதுவான உச்சரிப்பு' என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது நீலகிரியில் யாருடைய உச்சரிப்பு? ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் படுக மொழி பேசுகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்குத் தனித்தனி மொழிகள் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் கேட்கும். 1964ஆம் ஆண்டு சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் தமிழில் இன்னும் அந்த மலையகத்தின் சாயல் இருக்கிறது. கோவை, மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர்கள் 'ஏனுங்க' என்பார்கள். இத்தனை பேருக்கும் தமிழ் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் படுகப் பாட்டிக்குச் சந்தைத் தமிழும் பேருந்துத் தமிழும் நன்றாக வரும். தொலைக்காட்சிச் செய்தியாளர் குரலில் ஒருவர் 'தங்களது குடும்பத் தலைவரின் தொழில்' என்று தொடங்கினால், ஏதோ ஆபீசிலிருந்து பேசுகிறார்கள் என்று பயந்து, "மகன் இல்லே" என்று சொல்லி வைத்துவிடுவார். திரையில் அது 'மறுப்பு' என்று பதிவாகும். உண்மையில் அந்தப் பாட்டி எதையும் மறுக்கவில்லை. என்ன கேட்கிறார்கள் என்பதே அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சிக்னலையும் மறந்துவிடக் கூடாது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கொண்டுசெல்லும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். ஆணின் அடிக்குரல் ஏறத்தாழ 100 முதல் 120 ஹெர்ட்ஸ், பெண்ணின் அடிக்குரல் 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதாவது குரலின் அடிநாதம் கம்பியில் ஏறுவதே இல்லை, மேலே வரும் துணைநாதங்களை வைத்து நம் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை மேல் எல்லைக்கு அப்பால் இருப்பதால் அதுவும் மழுங்கிவிடும். இன்றைய 4ஜி அழைப்பில் இந்த எல்லைகள் விரிந்திருக்கின்றன. ஆனால் குந்தாப் பள்ளத்தாக்கிலும் கீழ்க்கோத்தகிரிச் சரிவுகளிலும் கோபுரம் எட்டாத வளைவுக்கு வந்தால் அழைப்பு பழைய தடத்துக்கு இறங்கிவிடுகிறது. சொல் துண்டு துண்டாக வருகிறது. அப்போது வேகமாகப் பேசினால் விழுந்துபோன அசையை ஊகிக்கக்கூட நேரம் இருப்பதில்லை. சென்னையில் ஏற்பட்ட மறுப்பையும் மஞ்சூரில் ஏற்பட்ட மறுப்பையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பவர்கள் இதைச் சேர்த்து எண்ணவேண்டும்.

எல்லாம் குரலால் மட்டும் ஆகிவிடும் என்று நான் வாதிடவில்லை. இன்று தெரியாத எண்ணை எடுக்கவே பயப்படும் காலம். போலீஸ் என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி 2024இல் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். புகார் செய்ய 1930 என்ற எண் இருக்கிறது. மோசடிக்காரரின் குரல் எந்த டெலிகாலரின் குரலையும்விட இனிமையாக, கனிவாக, நிதானமாக இருக்கும் என்பதையும் நாம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். ஆகவே நல்ல குரல் கேட்டால் நம்பலாம் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ஆதார் எண்ணோ ஓடிபியோ கேட்டால், தேன் சொட்டப் பேசினாலும் வைத்துவிடவேண்டியதுதான். ஆய்வு உண்மையானது என்று காட்டும் பொறுப்பு அழைப்பவருடையது. முன்னதாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டு அழைத்தால் சம்மதம் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு, திரும்ப அழைத்துச் சரிபார்க்க ஓர் எண், இவ்வளவு இருந்தால் போதும். குரல் அதற்குப் பிறகுதான் தன் வேலையைச் செய்யமுடியும்.

நல்ல குரலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசவைக்கிற குரல் பதிலையும் வளைத்துவிடலாம். பேத்தி வயதுள்ள ஒரு பெண் கனிவாக "ரேஷன் அரிசி நல்லா இருக்குங்களா பாட்டி" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்று சொல்லத்தான் வாய் வரும். அரிசியின் தரம் அந்தப் பதிலில் பாதிதான் இருக்கும், மீதி அந்தப் பெண்ணின் மனம் நோகக் கூடாதே என்ற எண்ணம். பின்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அழைப்பின் தொடக்கத்தில் சொந்தப் பேச்சாகப் பேசிவிட்டு, கேள்விக்கு வந்ததும் குரலைச் சமனாக வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இருபத்துமூன்று வயதில் இந்த விவேகம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். தொடக்கப் பேச்சில் சுதந்திரமும் கேள்விகளில் கட்டுப்பாடும் என்று பிரித்துக்கொடுத்தால், வாசகத்தை மாற்றக் கூடாது என்ற நிறுவனங்களின் நியாயமான கவலைக்கும் இடம் இருக்கிறது; ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்டால்தானே பதில்களை ஒப்பிடமுடியும்.

இவ்வளவு நுணுகிப் பார்க்கவேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். தொலைபேசிக் கணிப்பு இப்போது வெறும் சோப்பு விற்பனைக்கான விஷயமாக இல்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீடு வீடாகப் போகமுடியாமல் பல ஆய்வுகள் போனுக்கு மாறின. 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'நீங்கள் நலமா' திட்டத்தில், முதலமைச்சர் முதல் அதிகாரிகள் வரை பயனாளிகளைத் தொலைபேசியில் அழைத்துக் கருத்துக் கேட்பதாக ஏற்பாடு செய்யப்பட்டது. நாளைக்குப் பச்சைத் தேயிலை விலை பற்றியோ, சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸ் முறையால் வியாபாரம் எப்படி இருக்கிறது என்பது பற்றியோ ஒரு கணிப்பு நடந்தால், அதில் பேசியவர்களின் கருத்தே 'நீலகிரியின் கருத்து' என்று அச்சாகும். பகல் 11 மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்கள்? கொழுந்து பறிக்கும் பெண் தோட்டத்தில் இருப்பாள். போன் பெரும்பாலும் கணவர் கையில் இருக்கும். மாலையில் அவளே எடுத்தாலும், அறிமுகமில்லாத ஆண் குரல் 'மேடம்' என்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இப்படி ஒரே வகையினர் தொடர்ந்து விடுபட்டுப்போனால் எத்தனை ஆயிரம் அழைப்புச் செய்தும் பயனில்லை. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றும், அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று சொல்லிக் கவிழ்ந்தது. ரூசவெல்ட் பெருவெற்றி பெற்றார். தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களைத் தேடிப் போனது ஒரு பிழை. பதில் அனுப்பாதவர்களும் அனுப்பியவர்களைப் போலவே நினைப்பார்கள் என்று நம்பியது அதற்குக் குறையாத பிழை. அந்த நாட்டிலேயே பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூற்றுக்கு 36 ஆக இருந்த பதில் விகிதம் 2012இல் 9, 2018இல் 6 என்று இறங்கிவிட்டது. மலைவாசிகளின் அக்கறையின்மையைக் குறை சொன்ன வாசகர் இந்த எண்களைப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகையால், கணிப்பு நடத்துவோருக்கு என் வேண்டுகோள்: நீலகிரிக்கு அழைக்கும் வேலையை நீலகிரிப் பெண்களிடமும் பையன்களிடமும் கொடுங்கள்; ஹட்டிக்கு அழைப்பவருக்குப் படுகமும், பந்தலூருக்கு அழைப்பவருக்கு மலையாளமும் தெரிந்திருக்கட்டும். தொடக்க வாசகத்தை எழுத்தில் கொடுக்காமல், ஊரும் பெயரும், எதைப் பற்றிக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்ற நான்கு விஷயங்களை மட்டும் கொடுத்து, சொந்த வாயால் சொல்லவிடுங்கள். பெயர் சொன்னதும் நிறுத்தச் சொல்லுங்கள். தும்மியதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தொலைபேசிக் கணிப்பு ஒன்றின் முடிவைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்ற எண்ணோடு, எத்தனை பேரை அழைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுத்தார்கள், எந்த மொழியில், பகலில் எந்த நேரத்தில் அழைத்தார்கள், பேசியது ஆளா பதிவுக் குரலா என்ற விவரங்களையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகக் கேட்டு வாங்கி அச்சிடவேண்டும். கடைசி விவரத்தைக் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்வீட்டுப் பெண்ணின் நிறுவனம் வரும் மாதம் முதல் தொடக்க அறிவிப்பைக் கணினிக் குரலிடம் விட்டுவிடப் போகிறதாம். அந்தக் குரலுக்கு இசைந்து ஒன்றை அழுத்துபவர்களிடம் மட்டும்தான் இனி அவள் பேசுவாள். மாதிரிக்கு அந்தக் குரலை எனக்குப் போட்டுக் காட்டினாள். உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. கோத்தகிரி, குஞ்சப்பனை, கட்டபெட்டு என்று ஊர்ப் பெயர்களைக்கூடத் திருத்தமாகச் சொல்லியது. 35 விநாடி வரை காத்திருந்து பார்த்தேன். 'ம்' சொல்ல அது எனக்கு ஓரிடத்திலும் இடம் விடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.